பொருள்: பின்னம், தசமம், விழுக்காடு – ‘மாற்றுதல்’ என்ற சொல் போதுமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

ஏழாம் வகுப்புக் கணிதச் சொற்பட்டியலில் பின்னம், தகு பின்னம், தகா பின்னம், தசமப் புள்ளி, விழுக்காடு ஆகியவை முடிந்துவிட்டன. ஒன்றை மற்றொன்றாக எழுதும் செயலுக்குரிய பெயர் மட்டும் நிற்கிறது. (சதவீதமா, விழுக்காடா என்ற பழைய வழக்கை மீண்டும் எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். விழுக்காடு என்ற சொல்லுக்குள் நூறு இல்லை என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் அது ஊன்றிவிட்ட சொல்.)

‘மாற்றுதல்’ என்றே வைத்துக்கொள்ளலாம் என்று சென்ற வாரம் ஓர் அன்பர் எழுதியிருந்தார். குடியாத்தத்தில் இருபத்தெட்டு ஆண்டுகள் கணக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள் என்ற முறையில் எனக்கு அதில் உடன்பாடில்லை. ‘மாற்று’ என்று சொன்னவுடன், எண்ணின் மதிப்பே வேறாகிவிடுகிறது என்று பிள்ளைகள் எண்ணிக்கொள்கிறார்கள். 3/8 என்பது 0.375 ஆகி, 37.5 விழுக்காடு ஆகும்போது எண் பெரிதாகிக்கொண்டே போவதாக நினைத்த பிள்ளைகளை ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன். அங்கே வேறாவது உடை மட்டுமே, ஆள் அதே ஆள்தான். ஆகவே மொழிபெயர்ப்பு என்ற சொல்லை முன்மாதிரியாகக் கொண்டு ‘உருப்பெயர்ப்பு’ என்று வைக்கலாம் என்பது என் முன்மொழிவு. பொருள் அப்படியே இருக்க, உரு மட்டும் பெயர்கிறது என்ற கருத்து அதில் தெளிவாக இருக்கிறது.

மாற்றுக் கருத்து இருப்பின் எழுதவும்.

*

அம்மா அவர்களுக்கு வணக்கம்.

உருப்பெயர்ப்பு நல்ல சொல்தான். ஆனால் ‘மாற்றுதல்’ என்றால் மதிப்பு மாறிவிடும் என்று தாங்கள் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. வேலூர்ப் பேருந்து நிலையத்தில் நூறு ரூபாய்த் தாளை நீட்டி, “சில்லறை மாத்திக் குடுங்க” என்று கேட்பவர் தொண்ணூறு ரூபாயை வாங்கிக்கொண்டு போக ஒப்புவாரா? தமிழில் ‘மாற்றுதல்’ என்பதற்கு வடிவம் வேறாகி மதிப்பு நிலைத்திருப்பது என்ற பொருள் அன்றாடப் பேச்சிலேயே உண்டு. பிள்ளைகள் குழம்புவதற்குச் சொல் காரணம் அன்று. அந்தச் சொல்லைச் சில்லறையோடு சேர்த்துக் காட்டாமல் விட்டதே காரணம் என்று நினைக்கிறேன்.

எங்கள் குடும்பம் பொற்கொல்லர் குடும்பம். எங்கள் பட்டறையில் ‘மாற்று’ என்ற சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு என்பதைத் தாங்கள் அறிவீர்கள். பத்தரை மாற்றுத் தங்கம் என்பதில் வரும் மாற்று, தூய்மையின் அளவு; அதாவது ஒரு விகிதம். உரைகல்லில் கோடிழுத்து, மாற்று தெரிந்த உரைப்பு ஊசியின் கோட்டோடு ஒப்பிட்டு என் தாத்தா மாற்றுச் சொல்லுவார். இருபத்திரண்டு கேரட் என்பது 24-க்கு 22, சுருக்கினால் 11/12. பத்தரை மாற்றை முழுத்தூய்மை என்று வைத்துக்கொண்டால், 11/12 என்பது ஒன்பதரையே அரைக்கால் மாற்று. தசமத்தில் 9.625. இதைத் தாளில் போட்டுப் பார்த்தபோது, கணக்கு இவ்வளவு அழகாக முடிந்ததில் எனக்கே வியப்பாக இருந்தது.

ஆனால் அதே 11/12-ஐ ஆயிரத்திற்கு இத்தனை என்று எழுதப் போனால் 916.666… என்று முடிவில்லாமல் ஓடுகிறது. நகையில் 916 என்று முத்திரை இருப்பதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். அது முழுமைப்படுத்திய எண்ணும் அன்று. முழுமைப்படுத்தியிருந்தால் 917 ஆகியிருக்க வேண்டும். புள்ளிக்குப் பின்னால் இருப்பது வெட்டி விடப்பட்டிருக்கிறது. எட்டு கிராம் கொண்ட ஒரு பவுனில் 11/12 பங்கு தங்கம் என்றால் 7.333 கிராம், 0.916 என்று கணக்கிட்டால் 7.328 கிராம். ஐந்து மில்லிகிராமுக்குச் சற்று மேல் வேறுபாடு. ஒரு பவுனுக்கு இது தூசு. நூறு பவுன் உருக்கும் இடத்தில் அரை கிராமைத் தாண்டிவிடும்.

எனவே நம்மிடம் இல்லாதது மாற்றுதலுக்கு ஒரு பெயர் அன்று. எங்கே மதிப்பு அப்படியே நிற்கிறது, எங்கே சிறிது சிந்துகிறது என்று பிரித்துச் சொல்லும் பெயர்தான் நம்மிடம் இல்லை. 1957 ஏப்ரல் 1 அன்று ரூபாய்க்கு நூறு என்று புதுக்காசு வந்தபோது, பழைய ரூபாய்க்குப் பதினாறு அணா என்பதால், ஓர் அணாவுக்கு 6.25 காசு என்று வந்தது. கால் காசுக்கு நாணயம் கிடையாது. ஆகவே ஓர் அணாவுக்கு ஆறு காசு என்று கொடுத்தார்கள். நாலணாவாக மாற்றியவருக்கு 25 காசு சரியாகக் கிடைத்தது. ஓரணா ஓரணாவாகப் பதினாறு முறை மாற்றியவருக்கு 96 காசுதான் கிடைத்திருக்கும். இரண்டுமே ‘மாற்றுதல்’தான் என்றாலும், இரண்டும் ஒன்றல்ல.

முதல் வகைக்கு ‘நேர்மாற்று’ என்று வைக்கலாமா?

*

ஐயா அவர்களுக்கும் குழுவினருக்கும் வணக்கம்.

சில்லறை எடுத்துக்காட்டு என்னை மடக்கிவிட்டது. உருப்பெயர்ப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். செயலுக்குப் பொதுப்பெயராக ‘மாற்றுதல்’ என்பதே இருக்கட்டும். தாங்கள் சுட்டிய பிரிவுதான் உண்மையில் பட்டியலில் இல்லாதது என்பதும், நான் வகுப்பில் பல ஆண்டுகள் பட்ட இடர் அதுவே என்பதும் தங்கள் மடலைப் படித்தபிறகுதான் எனக்குத் தெளிவாயிற்று. ஒருமுறை ஒரு மாணவி 60-க்கு 43 மதிப்பெண் பெற்றாள். தேர்ச்சி அட்டையில் 71.66 விழுக்காடு என்றும், அலுவலகப் பட்டியலில் 71.67 என்றும் எழுதியிருந்தார்கள். அவளுடைய தாயார் இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு வந்து, “எது சரி, டீச்சர்?” என்று கேட்டார். இரண்டும் தோராயம்தான், 43/60 ஒன்றுதான் சரி என்று நான் சொன்னபோது, பள்ளிக்கூடம் எதையோ மறைக்கிறது என்ற முகத்தோடு திரும்பிப் போனார். அன்று என்னிடம் சொல் இருந்திருந்தால் ஒரு வரியில் விளக்கியிருப்பேன்.

‘நேர்மாற்று’ வேண்டாம். ‘நேர்மாறு’ என்பது பாடநூலில் ஏற்கெனவே வேறு பொருளில் நிலைத்திருக்கிறது. ஓர் எழுத்து வேறுபாட்டில் இரண்டு கருத்துகளை வைத்தால் தேர்வுத்தாளில் இரண்டும் ஒன்றாகிவிடும். ‘முழுமாற்று’ என்று அரக்கோணத்து அன்பர் தனிமடலில் எழுதியிருந்தார். முழு எண்ணாக மாற்றுவது என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள் என்ற அச்சத்தால் அதையும் விட்டுவிட்டேன்.

‘சரிபாதி’ என்று சொல்கிறோம் அல்லவா? அங்கே சரி என்பது தவறு என்பதன் எதிர்ச்சொல் அன்று; கூடவும் இல்லை, குறையவும் இல்லை என்பதுதான் அதன் பொருள். அந்த வழியில் ‘சரிமாற்று’ என்று வைக்கலாம். மற்றதற்குப் பாடநூலில் உள்ள தோராய மதிப்பு என்பதை ஒட்டித் ‘தோராயமாற்று’ என்று வைக்கலாம். 3/8 = 0.375 = 37.5 விழுக்காடு என்பது சரிமாற்று; 43/60 = 71.67 விழுக்காடு என்பது தோராயமாற்று.

எது எந்த வகையில் சேரும் என்பதை வகுக்காமலே அறிய முடியும் என்பதும் இந்தப் பெயர்களுக்கு வலுச் சேர்க்கிறது. பின்னத்தை முதலில் சுருக்கிவிட்டு, பகுதியை (கோட்டுக்குக் கீழே உள்ள எண்ணை) பகாக் காரணிகளாகப் பிரித்தால், இரண்டும் ஐந்தும் தவிர வேறு எதுவும் இல்லையென்றால் தசமம் முடிந்துவிடும். மூன்றோ ஏழோ பதினொன்றோ ஒட்டிக்கொண்டிருந்தால் முடியாது. நம் பழைய வாய்பாட்டின் முந்திரி 1/320, 320 என்பது ஆறு இரண்டுகளும் ஓர் ஐந்தும் சேர்ந்த பெருக்கம், எனவே 0.003125 என்று ஆறு இடங்களில் முடிகிறது. காணி 1/80, அதாவது 0.0125, மாகாணி 1/16, அதாவது 6.25 விழுக்காடு, மா 1/20, அதாவது சரியாக 5 விழுக்காடு. முந்திரி முதல் முக்கால் வரை அந்த வரிசையில் உள்ள எல்லாமே சரிமாற்றுக்கு உட்பட்டவை. மூன்றில் ஒன்றுக்கு அந்த வரிசையில் இடமே இல்லை.

காணி என்றதும் நம் வட்டாரத்து நிலக்கணக்கும் நினைவுக்கு வருகிறது. (பின்னக் காணியும் நிலக்காணியும் வேறு என்பதைப் பட்டியலில் குறிக்க வேண்டும்.) ஒரு காணிக்கு 132 சென்ட் என்று வடார்க்காட்டில் யாரைக் கேட்டாலும் சொல்லுவார்கள். காணி என்பது 2,400 சதுர அடி கொண்ட 24 மனை, அதாவது 57,600 சதுர அடி. ஏக்கர் 43,560 சதுர அடி. இரண்டையும் பின்னமாக வைத்துச் சுருக்கினால் 160/121 ஏக்கர் வருகிறது; 121 என்பது பதினொன்றின் வர்க்கம். ஏக்கரில் நூறில் ஒன்று சென்ட். ஆகவே சென்ட் கணக்கில் 132.23… என்று ஓடுமே தவிர, 132-இல் நிற்காது. வெறும் 132 சென்ட் என்று எழுதினால் காணிக்கு 100.8 சதுர அடி விடுபடுகிறது. பத்துக்குப் பத்து அளவில் ஓர் அறை! சொந்த நிலத்தைக் காணிக் கணக்கில் வாங்கிச் சென்ட் கணக்கில் விற்றபோது என் சின்ன மாமா இதை உணர்ந்தார், கொஞ்சம் தாமதமாக. பாடத்தில் எடுத்துக்காட்டாக இதையே வைக்கலாம். நம் பிள்ளைகளுக்கு வட்டத்தின் பரப்பைவிட வரப்பு நன்றாகப் புரியும்.

ஒரே ஒரு சிக்கல் மிஞ்சுகிறது. மூன்றில் ஒன்றை 33 1/3 விழுக்காடு என்று எழுதினால் அதில் எதுவும் விடுபடவில்லை. 0.333… என்பதில் சுழலும் (திரும்பத் திரும்ப வரும்) இலக்கத்தின் மேல் கோடிட்டு எழுதினாலும் விடுபடவில்லை. எனவே சரியா, தோராயமா என்பது எண்ணின் குணம் மட்டும் அன்று. எழுதும் முறையையும் பொறுத்தது. வரையறையில் இதைச் சேர்த்திருக்கிறேன்:

சரிமாற்று: ஓர் எண்ணைப் பின்னம், தசமம், விழுக்காடு ஆகிய வடிவங்களுள் ஒன்றிலிருந்து மற்றொன்றிற்கு மதிப்புக் கூடாமலும் குறையாமலும் எழுதுதல். சுழல் தசமத்தைச் சுழற்குறியுடன் எழுதினால் அதுவும் சரிமாற்றே.

தோராயமாற்று: இலக்கங்களை வெட்டியோ முழுமைப்படுத்தியோ எழுதுவதால் மதிப்பில் சிறு வேறுபாடு ஏற்படும் மாற்று.

பொற்கொல்லர் ஐயா இரண்டாவது வரையறையைப் பார்த்துச் சொன்னால் இரண்டையும் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். ஒன்பதரையே அரைக்கால் மாற்றையும் எடுத்துக்காட்டாகச் சேர்க்கத் தங்கள் இசைவு வேண்டும்.