புதுப்பிப்பு: தம்பியின் தோல் தடிப்புக்குக் காரணம் தெரிந்தது

தம்பிக்கு எங்கள் அக்காவின் ஸ்டெம் செல் செலுத்தப்பட்ட 24-ஆம் நாளில் மார்பிலும் முதுகிலும் செந்தடிப்புகள் தோன்றின என்றும், அது மருந்து ஒவ்வாமையா, கொடையாளரின் செல்கள் உடலைத் தாக்கும் ஜி.வி.எச்.டி.யா என்று புரியவில்லை என்றும் முன்பு எழுதியிருந்தேன்.

மருத்துவர் முதுகைப் பார்ப்பதற்கு முன்பே உள்ளங்கைகளையும் பாதங்களையும் காது மடல்களையும் கவனமாகப் பார்த்தார். தம்ளரைப் பிடித்தால் கை எரிகிறது என்று தம்பி சொன்னதைக் குறித்துக்கொண்டார். தோலில் சிறு துண்டு எடுத்துச் செய்த பயாப்ஸியைத்தான் நான் மிகவும் நம்பியிருந்தேன். ஆனால், இரண்டில் எதுவாகவும் இருக்கலாம் என்றே அறிக்கை வந்தது. தொடக்க நாட்களில் நுண்ணோக்கியிலும் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலவே தெரியுமாம். (இதை முன்பே சொல்லியிருந்தால் அந்த மூன்று நாட்கள் தூக்கம் கெட்டிருக்காது.)

ஒரு வாரத்துக்கு முன் தொடங்கிய ஆன்டிபயாடிக்கின் மீதும் சந்தேகம் இருந்ததால் அதை மாற்றினார்கள். வைரஸ் தொற்றுக்கான ரத்தப் பரிசோதனையில் எதுவும் தென்படவில்லை. மருந்தை மாற்றிய பிறகும் தடிப்பு முகத்துக்குப் பரவி, நீர்த்த வயிற்றுப்போக்கும் தொடங்கி, கல்லீரல் பாதிப்பைக் காட்டும் பிலிருபின் அளவும் ரத்தத்தில் ஏறியபோதுதான், தோல், குடல், கல்லீரல் ஆகிய மூன்றும் சேர்ந்து ஜி.வி.எச்.டி.யையே சுட்டுகின்றன என்று முடிவு செய்து ஸ்டீராய்டு தொடங்கினார்கள். இன்று ஐந்தாம் நாள். கை எரிச்சல் குறைந்திருக்கிறது, வயிற்றுப்போக்கு இன்னும் நிற்கவில்லை.