ராயல் ஆல்பர்ட் டீ செட்: அடியில் 1962 என்று இருக்கிறது, என்ன விலை சொல்லலாம்?

கேள்வி:
லெஸ்டரில் இருக்கிறேன். பக்கத்து வீட்டு அம்மா வீட்டைக் காலி செய்கிறார், தன் டீ செட்டை விற்றுத் தரச் சொன்னார். ஆறு கப், ஆறு சாசர், ஒரு டீ பாட். சிவப்பு, மஞ்சள், இளஞ்சிவப்பு ரோஜாக்கள், தங்க விளிம்பு. அடியில் கம்பெனிப் பெயர் ராயல் ஆல்பர்ட், டிசைன் பெயர் ஓல்ட் கன்ட்ரி ரோசஸ், போன் சைனா (எலும்புச் சாம்பல் கலந்த பீங்கான்), 1962 என்று இருக்கிறது. நான்கு கப்பில் மட்டும் இங்கிலாந்து என்ற பெயரும் உண்டு. இரண்டு சாசரில் முத்திரைக்குக் குறுக்கே கீறல். அறுபது வருடப் பழசு என்று எழுதி விற்கலாமா?

பதில்:
அப்படி எழுதாதீர்கள். 1962 என்பது ஹரோல்ட் ஹோல்ட்கிராஃப்ட் வரைந்த அந்த டிசைன் வெளிவந்த ஆண்டு. அதன்பின் பல பத்தாண்டுகள் கழித்துச் செய்த கப்பிலும் அதே ஆண்டு அச்சாகியிருக்கும். இங்கிலாந்து என்று போட்டிருப்பவை அங்கே பீங்கான் தொழிலுக்குப் பெயர்போன ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் பக்கம் செய்தவை. 2000-களின் தொடக்கத்தில் உற்பத்தி இந்தோனேசியாவுக்குப் போனது. இங்கிலாந்து என்ற பெயர் இல்லாத இரண்டு கப்பும் அதற்குப் பிறகு வந்தவையாக இருக்கும், உடைந்ததற்கு ஈடாக வாங்கிச் சேர்த்திருப்பார்கள். அந்தக் கீறல் விபத்து இல்லை. பூச்சிலோ படத்திலோ சிறு குறை இருந்தால் தொழிற்சாலையிலேயே முத்திரையைக் கீறி, இரண்டாம் தரமாக மலிவாக விற்பார்கள். வாங்குபவரிடம் அதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

கேட்டவர்:
ரொம்ப நன்றி அக்கா. இணையத்தில் ஒருவர் 400 பவுண்டு போட்டிருக்கிறார், இன்னொருவர் 40. எதை நம்புவது? கப்புக்குள் டீக்கறை வேறு இருக்கிறது.

பதில்:
இரண்டையும் நம்ப வேண்டாம். அது அவர்கள் கேட்கும் விலைதான். ஈபேயில் விற்று முடிந்தவற்றை மட்டும் வடிகட்டிப் பாருங்கள், உண்மையான விலை அங்கேதான் தெரியும். இந்த டிசைன் பத்துக் கோடிக்கும் மேல் விற்றதாகச் சொல்வார்கள். அதனால் கப்-சாசருக்குப் பெரிய விலை எதிர்பார்க்க முடியாது. டீ பாட் அப்படியில்லை. மூடியும் மூக்கும் சிதையாத டீ பாட் அவ்வளவாகக் கிடைக்காது, அதைத் தனியாகவே விற்கப் பாருங்கள்.

விலை போடுமுன் ஒவ்வொன்றையும் விளக்குக்கு எதிரே பிடியுங்கள். போன் சைனாவில் ஒளி ஊடுருவும், மயிரிழை விரிசல் இருந்தால் கோடாகத் தெரியும். விரல் நகத்தால் மெல்லத் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். மொட்டையான சத்தம் வந்தால் எங்கோ விரிசல் இருக்கிறது.

கறைக்குச் சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்து, மெல்லிய துணியால் உள்பக்கம் மட்டும் துடையுங்கள். தங்க விளிம்பில் படவே கூடாது, தேய்ந்த தங்கம் திரும்ப வராது. டிஷ்வாஷரில் போடவும் வேண்டாம்.

சரி, படம் எடுக்கும்போது ஒவ்வொன்றின் அடிப்பக்கத்தையும் எடுத்துப் போடுங்கள். நான்கு இங்கிலாந்து கப்பை ஒரு தொகுதியாகவும், மற்ற இரண்டைத் தனியாகவும் பட்டியலிடுங்கள். கீறல் சாசர்களை அந்த இரண்டோடு சேர்த்துவிடலாம்.