பிரான்ஸிலிருந்து லண்டன் பள்ளிக்கு மாறிய பிள்ளைகள் உண்டா?

வணக்கம். செப்டம்பரில் பாரிஸிலிருந்து லண்டனுக்குக் குடிபோகிறோம். மகள் இங்கே கத்ரியேம் (நம்ம எட்டாம் வகுப்பு மாதிரி) முடிக்கிறாள், அங்கே நேராக இயர் 10, ஜிசிஎஸ்இ என்ற பொதுத்தேர்வுக்கான பாடங்கள் நடக்கும் வகுப்பு. இங்கே சீருடை இல்லை, 20க்கு 14 எடுத்தாலே நல்ல மதிப்பெண், வகுப்புக்கு வெளியே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளத் தனி ஆட்கள், கடைசிப் பாட ஆசிரியர் வராவிட்டால் எங்கள் அனுமதியோடு வீட்டுக்கு வந்துவிடுவாள். அங்கேயோ மாற்று ஆசிரியரை உட்காரவைப்பார்களாம், டை சரியில்லை என்றாலே சில பள்ளிகளில் டிடென்ஷன் என்று தண்டனையாக உட்காரவைப்பார்களாம் (எனக்கே பயமாக இருக்கிறது!). இப்படி மாறிய பிள்ளைகளுக்குப் பழக எவ்வளவு காலம் பிடித்தது? அப்புறம், பிரெஞ்சை ஒரு பாடமாக எடுக்கவைக்கலாமா, இல்லை அவளுக்குச் சலித்துவிடுமா?