பின்னேரம் சமைக்கேக்க ரேடியோவில என்ன கேக்கலாம்?

மார்க்கம்_மாலா:

எல்லாருக்கும் வணக்கம். நான் கனடாவில, ரொறன்ரோவின்ர ஸ்காபரோப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில பராமரிப்பு வேலை செய்யிறன். பகல் ஷிப்ட் முடிஞ்சு வந்து சமைக்கிற நேரம் இவ்வளவு காலமும் தமிழ் ரேடியோதான். பிறந்தநாள் வாழ்த்து, வீடு விக்கிற விளம்பரம், ஒரு பாட்டு, திருப்பியும் வீடு விக்கிற விளம்பரம். அலுத்துப்போச்சு.

எனக்கு இங்கிலிஷ் வாசிக்க வரும். சுப்பவைசர் சொல்லுறது விளங்கும், ரிப்போர்ட்டும் பிழையில்லாமல் எழுதுவன். ஆனா அங்க இருக்கிற வயசு போன ஆக்கள் சாப்பாட்டு மேசையில தங்களுக்குள்ள பகிடி விட்டுச் சிரிக்கேக்க, நான் சூப் கோப்பையோட சும்மா பல்லைக் காட்டிக்கொண்டு நிக்கிறன். ஆரைப் பற்றிக் கதைக்கினம், எது பகிடி எண்டு ஒண்டும் பிடிபடாது.

செய்தியும் இருக்கவேணும், இந்த நாட்டுச் சனம் என்னத்துக்குச் சிரிக்குது, என்னத்துக்குக் கோவிக்குது எண்டும் விளங்கவேணும். வெங்காயம் வெட்டிக்கொண்டு கேக்கக்கூடியதா, திங்கள் தொடக்கம் வெள்ளி வரைக்கும் ஆறு ஏழு மணிபோல ஏதும் இருக்கோ?

சும்மா_சுதன்:

இந்தக் காலத்தில ஆரப்பா ரேடியோ கேக்கினம்? யூடியூப்பில இங்கிலிஷ் பாடம் குவிஞ்சு கிடக்கு.

வான்கார_அண்ணை:

சுதன், அவ பாடம் கேக்கேல்லை. கேள்வியை ஒருக்கா ஒழுங்கா வாசியும்.

தங்கச்சி, 99.1 எஃப்எம்மைப் பிடியுங்கோ, சிபிசி ரேடியோ வண், கனடாவின்ர பொது ஒலிபரப்பு. ஆறு மணிக்கு ‘யுவர் வேர்ல்ட் ருநைட்’ எண்டு அரை மணித்தியாலச் செய்தி போகும், முந்தி அதுக்கு ‘வேர்ல்ட் அற் சிக்ஸ்’ எண்டு பேர். அது தவறினாலும் பரவாயில்லை. ஆறரைக்கு ஒரு சக்ஸஃபோன் மெட்டோட ‘அஸ் இற் ஹாப்பன்ஸ்’ தொடங்கும். நான் கூரியர் வான் ஓடுறனான், 401 நெடுஞ்சாலையில ட்ராஃபிக்குக்குள்ள நிண்டு நிண்டு இங்கிலிஷ் காது திறந்தது அதாலதான். விளம்பரம் ஒண்டும் இல்லை.

1968இல தொடங்கின நிகழ்ச்சி அது. உள்ளுக்க இருக்கிற சூட்சுமம் டெலிபோன்தான். ரொறன்ரோவில இருந்துகொண்டு, உலகத்தில எங்க என்ன நடந்தாலும் அங்க நிக்கிற ஆளுக்கே போன் அடிச்சுக் கதைப்பினம். ஒரு நாட்டின்ர மந்திரியோட கதைச்ச கையோட, தோட்டத்தில ஏதோ விசித்திரமா விளைஞ்ச ஒரு கிழவனாரோட கதைப்பினம். எழுபதுகளில பார்பரா ஃப்ரம் எண்டு ஒரு அம்மா நடத்தினவ. இங்கிலாந்தில பெரிய கோவா (முட்டைக்கோசு) ஒண்டு விளைவிச்ச கமக்காரனைக் கூப்பிட்டா. அந்த மனுசனுக்குக் காது மந்தம். இவ கத்திக் கத்திக் கேக்க, அந்தாள் தன்ர பாட்டில ஏதோ சொல்ல, இண்டைக்கும் இந்த நாட்டில அந்தக் கோவாப்பூக் கதையைச் சொல்லிச் சிரிக்கிறவை இருக்கினம். உங்கட மேசைக்காரருக்கும் தெரிஞ்சிருக்கும், கேட்டுப் பாருங்கோ.

செய்தி வாசிக்கிறவரின்ர இங்கிலிஷை விளங்கிறது பெரிய வேலையில்லை. அது இஸ்திரி போட்ட இங்கிலிஷ். போனில கதைக்கிற சனம் அப்பிடிக் கதையாது. இழுக்கும், பாதியில நிப்பாட்டும், சொன்னதைத் திருப்பிச் சொல்லும், அழும். ஒரு நாள் கிளாஸ்கோக்காரன், அடுத்த நாள் லாகோஸ்காரி. கனடாவின்ர கிழக்குக் கரை நியூஃபவுண்லாந்து மீனவர் வந்தால் நானே சத்தத்தைக் கூட்டிப்போட்டுக் கேப்பன். 1986 ஆகஸ்டில லைஃப் போட்டில மிதந்த எங்கட ஈழத்துத் தமிழ் அகதிகள் 155 பேரைக் கரைசேத்த சனத்தின்ர பேச்சு அது, மரியாதை குடுக்கவேணும்.

கேக்கிற முறை ஒண்டு சொல்லுறன். ஒவ்வொரு போனுக்கும் முதல் கிறிஸ் ஹவ்டன் எண்டவர் ஒரு முன்னுரை வாசிப்பார். ஆர், எங்க, என்ன நடந்தது, இப்ப ஏன் கூப்பிடுகினம், எல்லாம் அதுக்குள்ள வந்திடும். அந்த நேரம் மட்டும் பைப்பைப் பூட்டிப்போட்டுக் கேளுங்கோ. அது பிடிபட்டால் பிறகு பாதிச் சொல் தவறினாலும் கதை தவறாது. அது தவறினால் மிச்சம் முழுக்க இரைச்சல்தான்.

தொடக்கத்தில தலைப்புச் செய்தி சொல்லேக்க ஒண்டுக்குப் பின்னால ஒண்டாச் சிலேடை வரும். அதை விட்டிடுங்கோ. இஞ்ச பிறந்த என்ர மகளே அதைக் கேட்டுத் தலையில அடிக்கிறவள். இங்கிலாந்தில ஏதாவது ஊர்ப்பேர் வந்தால், அது ரெடிங் எண்ட ஊரில இருந்து எவ்வளவு தூரம் எண்டும் சொல்லுவினம். ரெடிங்குக்கும் கதைக்கும் ஒரு சம்பந்தமும் இராது. அது அவையின்ர பழைய பகிடி. தெரியாத ஆள் வரைபடம் எடுத்துத் தேடிக்கொண்டிருக்கும்.

கேள்வி கேக்கிற விதத்தையும் கவனியுங்கோ. கரல் ஓஃப் 2006 தொடக்கம் 2022 மட்டும் நடத்தினவ. மந்திரிமார் நழுவினால் மரியாதை குறையாமல் அதே கேள்வியைத் திருப்பி வைப்பா, அவை பிறகும் நழுவினால் இவ பிறகும் வைப்பா. வேலையில நான் மனேஜரோட கதைக்கப் பழகினதே அந்த மனுசியைக் கேட்டுத்தான். இப்ப நில் கொக்சல், இஸ்தான்புல்லில பிறந்தவ. குரல் கொஞ்சம் மெத்து, ஆனா அவவும் விடமாட்டா.

கிறிஸ்மஸுக்கு முதல் வாற கடைசி நிகழ்ச்சி மட்டும் வேற மாதிரி. ஃப்ரெடெரிக் ஃபோர்சைத்தின்ர ‘த ஷெப்பெர்ட்’ எண்ட கதையை, முந்தி இந்த நிகழ்ச்சியை நடத்தின அலன் மெயிட்லண்ட் வாசிச்ச ஒலிப்பதிவு போடுவினம். 1957 கிறிஸ்மஸுக்கு முதல் நாள் இரவு, ஜெர்மனியில இருந்து வீட்டுக்குப் பறக்கிற பிரிட்டிஷ் விமானப்படைப் பொடியன், கடலுக்கு மேல மின்சாரம் செத்து, கீழ முழுப் பனிப்புகார். வாசிச்சவர் 1999இல செத்துப்போனார், குரல் இன்னும் வருசா வருசம் வருது. கடைசிப் பார்சலைக் குடுக்காமல் ஒரு வீட்டு வாசலில வானுக்குள்ளயே இருந்து நான் அதைக் கேட்டு முடிச்சிருக்கிறன். வீட்டுக்காரர் கதவைத் திறந்து பாத்துப்போட்டு, தானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்ததாச் சொன்னார்.

வாட்டர்லூ_கார்த்தி:

அண்ணே சொல்றது சரிதான், ஆனா எனக்கு அந்தச் சிலேடை சமாச்சாரம் எரிச்சல். அக்காவுக்கு லீவு நாள் இருந்தா காலைல எட்டரைக்கு ‘த கரண்ட்’ கேட்டுப் பாக்கலாம். மேட் கேலோவே நடத்துறார். ஒரே விஷயத்தை நிதானமா எடுத்துப் பேசுவாங்க: வீட்டு வாடகை, ஆஸ்பத்திரில காத்துக் கிடக்கிறது, வயசான பெத்தவங்களைப் பாத்துக்கிறது. அக்கா வேலைக்கு இதுதான் நேரடியா உதவும்னு தோணுது. கோயம்புத்தூர்லேருந்து வந்த புதுசுல எனக்கு இந்த ஊரைப் புரிய வச்சது அந்த புரோகிராம்தான்.

வான்கார_அண்ணை:

தம்பி, நல்ல நிகழ்ச்சிதான், இல்லையெண்டேல்லை. ஆனா அதில வாறது முக்காவாசி நிபுணர்மார். நிபுணர் பகிடி விடமாட்டார். அவ கேட்டது பகிடி.

மார்க்கம்_மாலா:

எல்லாருக்கும் நன்றி. இந்தக் கிழமை கேட்டுப் பாத்தன். முன்னுரைக்குப் பைப்பைப் பூட்டினது உண்மையாவே வேலை செய்யுது. ஒரு ஸ்கொட்லாந்து ஐயா வந்தார், அவர் சொன்னதில எனக்குக் கடைசியாச் சொன்ன நன்றி மட்டும்தான் விளங்கினது. ஆனா விசயம் என்ன எண்டு தெரிஞ்சிருந்ததால அந்தாள் எந்த இடத்தில கோவப்பட்டது எண்டு பிடிச்சிட்டன்.

கோவாப்பூ விசயத்தை மேசையில கேட்டன். ஒரு அம்மா கரண்டியை வைச்சிட்டு, பார்பரா ஃப்ரம் மாதிரியே குரலை உயத்திக் கத்திக் காட்டினா. பக்கத்து மேசைக்காரர் காது கேக்காத கமக்காரனா மாறிட்டார். நேர்ஸ் ஓடிவந்து என்ன சத்தம் எண்டு பாக்குது. சிரிச்சு எனக்குக் கண்ணால தண்ணி.

ஒரு பிரச்சினை. எங்கட வீடு பேஸ்மென்ட். குசினியில 99.1 சரியா இரையுது. என்ன செய்யலாம்?

வான்கார_அண்ணை:

ரேடியோவைத் தூக்கி ஜன்னல் ஓரம் வையுங்கோ, மைக்ரோவேவுக்குப் பக்கத்தில வேண்டாம். அதுக்கும் சரிவராட்டி போனில ‘சிபிசி லிசன்’ ஆப்பைப் போடுங்கோ, காசில்லை. தவறவிட்ட நாளின்ர நிகழ்ச்சியும் அதில கிடக்கும், அந்த ஸ்கொட்லாந்து ஐயாவைத் திருப்பிக் கேக்கலாம்.

சும்மா_சுதன்:

அந்தக் கோவா எத்தினை கிலோவாம்?