எலும்பில் வயசு பார்க்கும்போது சறுக்கும் இடங்கள்

இடுப்பெலும்பின் இரு பாதியும் முன்பக்கம் சந்திக்கும் முகப்பை, அதாவது பியூபிக் சிம்பைசிஸை, விளக்குக்கு நேராகப் பிடித்தால் மேடுபள்ளம் அமுங்கிவிடும். விளக்கை மேசையோடு தாழ்த்தி, வெளிச்சம் பக்கவாட்டில் வழியும்படி எலும்பை மெதுவாகத் திருப்புங்கள். இருபதை ஒட்டிய வயசில் முகப்பின் குறுக்கே உழவுசால் போல வரப்புகள் ஓடும். வயசு ஏற ஏறச் சால் தூர்ந்து, மேல்முனையும் கீழ்முனையும் உருவெடுத்து, முட்டை வடிவ விளிம்பு சுற்றி வரும். கடைசியில் அந்த விளிம்பே சிதையும், முகப்பு குழிந்து துளை விழும்.

திசுவை பிளேடால் சுரண்டாதீர்கள், கீறல் வரப்பு மாதிரியே தெரியும். கொதிக்காத வெந்நீரில் கொஞ்சம் சலவைத்தூள் போட்டு ஊறவைத்து, மூங்கில் குச்சியால் தள்ளினால் போதும்.

இந்த முகப்பின் மாற்றத்தை வைத்து வயசு கணிக்கும் சூச்சி-புரூக்ஸ் முறையில் 6 கட்டங்கள். ஆண்களில் 4ஆம் கட்டத்தின் சராசரி 35.2, ஆனால் 95 சதவீதத்தினர் அடங்கும் எல்லை 23 முதல் 57 வரை. அறிக்கையில் வெறும் ‘35 வயது’ என்று போட்டுவிட்டால், காணாமல்போனவர் 50 வயசுக்காரராக இருக்கும்போது அவர் பெயர் பட்டியலிலிருந்தே கழன்றுவிடும். எல்லையை எழுதுங்கள், சராசரியை அல்ல.

*

இளவயசு என்று சந்தேகம் வந்தால் காறையெலும்பைத் தேடுங்கள். மார்பெலும்பைத் தொடும் முனையில் வரும் எலும்புச் சில்லு இருபதுகளின் கடைசி வரைகூட முழுசாக ஒட்டாமல் இருக்கும். அந்தச் சில்லு மெல்லியது, மண்ணோடு போய்விடும். சில்லு காணோம் என்பதாலேயே ‘ஒட்டவில்லை’ என்று எழுதக்கூடாது. முனை அலையலையாக, மூடிய பரப்பாக இருந்தால் ஒட்டாதது. தேன்கூடு மாதிரி உள்ளெலும்பு தெரிந்தால் அது உடைசல், வயசைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

*

மண்டையோட்டுத் தையல், அதாவது மண்டை எலும்புகள் சேரும் கோடு, மூடியதை மட்டும் வைத்து வயசு சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வேறு எதுவுமே கிடைக்காதபோதுதான் அதைத் தொடவேண்டும்.

*

நடுவயசுக்கு ஒற்றைவேர்ப் பல் கைகொடுக்கும். 1992இல் வந்த, லாமெண்டின் என்பவரின் சூத்திரம்: வயது = 0.18 × ஈறு இறக்கம் + 0.42 × வேரின் ஒளிபுகும் பகுதி + 25.53. இரண்டு அளவையும் வேரின் நீளத்துக்கு எத்தனை சதவீதம் என்று போடவேண்டும். வேர் 14 மி.மீ., ஈறு இறக்கம் 3, ஒளிபுகும் பகுதி 5 என்றால் 21.4, 35.7; கணக்கு 44.4க்கு வரும். மி.மீ.யை அப்படியே போட்டு 28 என்று வாங்குவது வழக்கமான பிழை.

இந்தச் சூத்திரம் 25.53க்குக் கீழே இறங்கவே இறங்காது. அதனால் இருபது வயசுக்காரர் பல்லில் இதைப் போடுவது வீண். நெடுநாள் புதைந்த பல்லில் வேர் சுண்ணாம்பு போல மங்கியிருந்தால் ஒளிபுகும் எல்லையே தெரியாது, அப்போது அளவுகோலை எடுக்காமல் இருப்பதே மேல்.