சமுதாய வானொலியில் கைத்தொழில் கற்றுத்தர முடியுமா?

ஊசிநூல்:
எங்கள் தொழிற்பயிற்சி மையத்தில் தையல், மோட்டார் காயில் (கம்பிச்சுருள்) கட்டுதல், பம்புசெட் பழுது பார்த்தல் என்று மூன்று பிரிவுகள் நடக்கின்றன. பக்கத்துச் சமுதாய வானொலிக்காரர்கள் வாரம் அரை மணி நேரம் ஒதுக்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வகுப்பில் நடக்கும் பாடத்தை அப்படியே பதிவு செய்து ஒலிபரப்பிவிடலாம் என்பது மேலிடத்து யோசனை. மையத்துக்கு வர முடியாதவர்கள் வீட்டில் இருந்தபடியே தொழில் கற்றுக்கொள்வார்களாம்.

எனக்கு இது சரிப்படும் என்று தோன்றவில்லை. காஜா எடுப்பதையே கையைப் பிடித்துச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. காயில் கட்டுவதைக் காதால் கேட்டுக் கற்க முடியுமா? ஆனால் கிடைத்த அரை மணி நேரத்தை விடவும் மனமில்லை. செய்து பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

கடைசிபெஞ்சு:
எல்லார் கையிலும் போன் இருக்கிறது. எந்தத் தொழிலுக்கும் வீடியோ கொட்டிக் கிடக்கிறது. இந்தக் காலத்தில் வானொலி எதற்கு என்பதுதான் என் கேள்வி.

திருப்புளி:
நான் பல வருஷம் காயில் கட்டியவன். இப்போது ஒரு சமுதாய வானொலியில் நிகழ்ச்சி செய்கிறேன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், வகுப்பை அப்படியே ஒலிபரப்பவே வேண்டாம். "இந்த முனையை இப்படி மடக்கி, அதோ அந்தக் காடியில் விடு" என்பார் ஆசிரியர். (காடி என்பது மோட்டாருக்குள் கம்பி இறங்கும் பள்ளம்.) எதிரில் நிற்கும் பையனுக்கு அது பாடம். வீட்டில் கேட்பவருக்கு எது "இப்படி", எது "அதோ"? இதைவிடப் பெரிய சிக்கல், வானொலியை யாரும் முதலிலிருந்து கேட்பதில்லை. பாதியில்தான் திறப்பார்கள். "மெயினை அணைத்துவிட்டு" என்ற வார்த்தை போன பிறகு திறந்தவர் காதில் "மூடியைக் கழற்றி வயரை வெளியே எடுங்கள்" என்பது மட்டும் விழுந்தால்? கரண்டு வேலையின் படிகளை நான் ஒலிபரப்புவதே இல்லை. அது பட்டறையில், ஆசிரியர் பக்கத்தில் நிற்கும்போது கற்க வேண்டியது.

ஆனால் பழுது பார்ப்பதில் பாதி வேலை காதுக்குத்தான். அதை எந்தப் பாடத்திட்டத்திலும் நான் கண்டதில்லை. மூன்று பேஸ் மோட்டாருக்கு வரும் மூன்று கரண்டு லைன்களில் ஒன்று, அதாவது ஒரு பேஸ், போய்விட்டால், சுவிட்சைப் போட்டதும் சுற்றாமல் கனமாக உறுமிக்கொண்டு நிற்கும். அப்படியே விட்டால் காயில் கருகிவிடும். சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங்கில் கிரீஸ் காய்ந்தால் கீச்சென்று கத்தும், தேய்ந்துவிட்டால் கரகரக்கும். பம்பு போதுமான தண்ணீர் இழுக்காமல் உள்ளே ஆவிக்குமிழிகள் உண்டாகி உடையும்போது, ஜல்லியை அள்ளி உள்ளே போட்டதுபோல ஒரு சத்தம் வரும். திருப்புளியின் முனையை பேரிங் மூடியில் ஊன்றி, கைப்பிடியைக் காதோரம் வைத்துக் கேட்டால் எந்தப் பக்கத்து பேரிங் என்று தெரிந்துவிடும். (என் பெயர்க்காரணம் புரிந்திருக்கும்.) அனுபவஸ்தர்கள் இதையெல்லாம் சும்மா நின்றே கண்டுபிடிப்பார்கள், பயிற்சி முடித்துச் சான்றிதழோடு வருகிற பையன் முழிப்பான். இந்த இடத்தில் வானொலியை மிஞ்ச ஆளில்லை.

நான் செய்வது இதுதான். நன்றாக ஓடும் மோட்டாரின் சத்தத்தை முதலில் போடுவேன். அப்புறம் பழுதானதை. மறுபடியும் நல்லது, மறுபடியும் பழுது. "என்ன கோளாறு?" என்று கேட்டு ஒரு பாட்டுப் போட்டுவிடுவேன். பேரிங் என்றால் ஒரு எண்ணுக்கு மிஸ்டுகால், பேஸ் என்றால் இன்னொரு எண்ணுக்கு. பாட்டு முடிந்ததும் விடை. பயிற்சி மாணவர்கள் மட்டுமல்ல, மோட்டார் வைத்திருப்பவர்களும் கேட்கிறார்கள். சத்தம் மாறிய அன்றே அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிட்டால் பேரிங்கோடு போகும், ஒரு வாரம் ஓட்டினால் காயிலும் சேர்ந்து போகும் என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது.

ஒலிப்பதிவில் ஒரு எச்சரிக்கை. போனில் பதிவு செய்தால், இரைச்சலைக் குறைக்கும் வசதி பல போன்களில் தானாகவே வேலை செய்யும். அதன் கணக்கில் மோட்டார் சத்தம்தான் இரைச்சல்! நமக்கு வேண்டியதை அமுக்கிவிட்டு, பின்னால் பேசிக்கொண்டிருப்பவரின் குரலை அழகாகக் கொடுக்கும். அதை அணைக்க முடிகிற செயலியில், இல்லாவிட்டால் தனி ரெக்கார்டரில் பதியுங்கள். சத்த அளவைத் தானாகக் கூட்டிக் குறைப்பதையும் நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் நல்ல மோட்டாரும் கெட்ட மோட்டாரும் ஒரே அளவில் கேட்கும். அப்புறம், 50 ஹெர்ட்ஸ் கரண்டில் மோட்டாரின் ரீங்காரத்துக்கு அடிப்படை 100 ஹெர்ட்ஸ். அவ்வளவு தாழ்ந்த ஒலி, கைக்கு அடக்கமான சின்னப் பெட்டியின் ஸ்பீக்கரில் சரியாக வராது. ஸ்டுடியோவில் பெரிய ஸ்பீக்கரில் கேட்டு மயங்காமல், இருப்பதிலேயே மலிவான பெட்டியில் போட்டுக் கேட்டு, வித்தியாசம் தெரிகிற பதிவை மட்டும் எடுங்கள்.

கடைசிபெஞ்சு கேட்டதற்கு: காடியில் கம்பி இறக்குவதைக் காட்ட வீடியோதான் நல்லது, மறுக்கவில்லை. ஆனால் கை இரண்டும் கிரீஸில் இருக்கும்போது எவன் திரையைப் பார்ப்பான்?

ஊசிநூல்:
இதை எங்கள் தையல் ஆசிரியையிடம் வாசித்துக் காட்டினேன். "ஊசி மழுங்கினால் துணியில் இறங்கும்போதெல்லாம் டப் டப்பென்று குத்துகிற சத்தம் வருமே, அதைத்தான் நான் வருஷம் முழுக்கக் கத்திக்கொண்டிருக்கிறேன்" என்றார். பாபின் கேஸ் லூசானால் ஒரு சத்தம், எண்ணெய் இல்லாவிட்டால் ஒரு சத்தம் என்று அவரே பட்டியல் போட ஆரம்பித்துவிட்டார். நல்ல மெஷின் ஒன்றையும் கெட்டது ஒன்றையும் பதிவுக்கு ஒதுக்கியாயிற்று.

பழைய ரேடியோ:
தொழில்நுட்பம் பேசிவிட்டீர்கள். கேட்பவர் தனியாகக் கேட்கிறாரா, கூட்டமாகவா என்பதையும் யோசியுங்கள். 1956-ல் யுனெஸ்கோ உதவியோடு அகில இந்திய வானொலி பூனா பக்கத்துக் கிராமங்களில் ஒரு சோதனை செய்தது. பத்து வாரம், வாரம் இரண்டு நிகழ்ச்சி. சில ஊர்களில் குழுவாக உட்கார்ந்து கேட்டு, உடனே விவாதித்தார்கள். சில ஊர்களில் வானொலிப் பெட்டி மட்டும் இருந்தது. அதுவும் இல்லாத ஊர்களையும் ஒப்பிட்டார்கள். ஆய்வை நடத்திய பால் நியூராத் கண்டது, கூடிப் பேசிய ஊர்களில்தான் விஷயம் நன்றாக ஏறியிருந்தது என்பதை. பெட்டி மட்டும் இருந்த ஊர்களில் சொல்லிக்கொள்ளும்படி இல்லை.

அதற்கும் முன்னால், 1947-ல் கொலம்பியாவின் சுதாதென்சா ஊரில் சல்சேதோ என்ற பாதிரியார் ஆரம்பித்த வானொலிப் பள்ளிகளில் ஒவ்வொரு குழுவுக்கும் ஓர் உதவியாளர் உண்டு. வாத்தியார் அல்ல, கொஞ்சம் எழுதப் படிக்கத் தெரிந்த பக்கத்து வீட்டுக்காரர். வானொலியில் குரல் சொல்லச் சொல்ல, கரும்பலகையில் செய்து காட்டுவது அவர் வேலை. கூடவே அச்சிட்ட கையேடும் உண்டு. குரலை மட்டும் நம்பி அவர்கள் இறங்கவில்லை.

திருப்புளி:
பெரியவர் சரியாகப் பிடித்தார். உங்கள் மையத்தில் படித்துப் போன பழைய மாணவர்களை அந்த உதவியாளர்களாக்குங்கள். நிகழ்ச்சி நேரத்தில் ஐந்தாறு பேர் ஒரு மெஷினைச் சுற்றி உட்கார்ந்தால் போதும்.

ஊசிநூல்:
அரை மணி நேரமும் சத்தமாகவே போக முடியாதே? மீதி நேரத்துக்கு என்ன செய்வது? எங்கள் மையத்து முதல்வரின் உரை என்று ஒன்றை ஏற்கெனவே எழுதித் தந்திருக்கிறார்கள்.

திருப்புளி:
உரையைத் தொடக்க நாளோடு முடித்துவிடுங்கள். மீதி நேரத்துக்கு, பயிற்சியில் யாரும் சொல்லித்தராததை எடுங்கள். வேலைக்குக் கூலி எப்படிச் சொல்வது? சாமான் விலையையும் கூலியையும் ஒரே தொகையாகச் சொல்லலாமா? "அடுத்த வாரம் தருகிறேன்" என்று மெஷினை எடுத்துப்போகும் சொந்தக்காரரிடம் என்ன பேசுவது? தொழில் நன்றாகத் தெரிந்தும் கடையை மூடியவர்களை நான் பார்த்திருக்கிறேன், பெரும்பாலும் இந்த இடத்தில்தான் விழுந்தார்கள். பழைய மாணவர்கள் இரண்டு பேரை உட்காரவைத்து, ஒருவர் வாடிக்கையாளர், ஒருவர் கடைக்காரர் என்று பேசவிடுங்கள். எழுதிக் கொடுக்காதீர்கள், அவர்களே நன்றாகச் சண்டை போடுவார்கள்.

நேரத்தையும் நீங்களாக முடிவு செய்ய வேண்டாம். தையல் கற்க வரும் பெண்களிடம் எப்போது கை ஓய்கிறது என்று கேளுங்கள். எங்கள் நிலையத்தில் கிடைத்த பதில், "கை ஓய்வதே இல்லை, ராத்திரி பாத்திரம் துலக்கும்போது போடுங்கள், காது சும்மாதான் இருக்கும்" என்பது. மறு ஒலிபரப்பை அந்த நேரத்தில்தான் வைத்தோம்.

கடைசிபெஞ்சு:
சரி, ஒத்துக்கொள்கிறேன். அந்த ஜல்லிச் சத்தப் பதிவு இருந்தால் இங்கே போடுங்கள். எங்கள் வீட்டு மோட்டார் இரண்டு நாளாக அப்படித்தான் கேட்கிறது.

திருப்புளி:
பதிவு இருக்கட்டும், முதலில் மோட்டாரை நிறுத்துங்கள். உறிஞ்சுகுழாயில் அடைப்பு இருக்கிறதா, நீர்மட்டம் கீழே போய்விட்டதா என்று ஆளை வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் போடுங்கள்.