ஒரே கம்பெனியை நம்பிக் குரல் வேலை, காரைக்குடியில் இருந்துகொண்டு வேறு என்ன செய்யலாம்?

ரஸ்தா_குரல்:
வணக்கம். சென்னையில் சீரியல் டப்பிங்கில் க்ரவுட் வாய்ஸ், அதாவது கூட்டத்தில் ஒருத்தியாகக் குரல், கொடுத்து ஆரம்பித்தேன், கல்யாணத்துக்கு அப்புறம் காரைக்குடி. வீட்டின் பின்பகுதியான மூன்றாங்கட்டில் சாமான் அறை ஒன்றை ஒழித்து, மெத்தையும் ஜமுக்காளமும் சாத்தி வைத்து, அங்கேதான் ரெக்கார்டிங். வீடு பெரிய வீடுதான், ஆனால் நடுமுற்றத்து வளவு முழுக்க ஆத்தங்குடிக் கல், ஒரு வார்த்தை பேசினால் நாலு வார்த்தை திரும்பி வரும்.

வருமானத்தில் பெரும்பங்கு பெங்களூர் கம்பெனி ஒன்றின் ஆன்லைன் பாடங்கள். இப்போது அவர்கள் பாதிப் பாடத்தை ஏஐ குரலில் போட்டுவிட்டு, அது தடுமாறுகிற இடத்தை மட்டும் எந்த நிமிடம், எந்த நொடி என்று பட்டியல் போட்டு அனுப்புகிறார்கள். இரண்டு வார்த்தைக்காக ஃபேனை நிறுத்தி, வேர்த்துக்கொண்டு மைக் முன்னால் நிற்க வேண்டியிருக்கிறது. அதற்கும் நிமிடக் கணக்குத்தான் காசு, அதுவும் மாதம் தள்ளித்தான் வரும்.

வீட்டுக்காரர் பி.எட். படி என்கிறார். சினிமா டப்பிங்குக்கு யூனியன் கார்டு எடுக்கலாமா? ஆடியோ புத்தகமா? ரேடியோவா? குரலை விட்டுவிட மனசு இல்லை.

ஒலிமேசை:
சென்னையில் சவுண்ட் இன்ஜினியராக இருக்கிறேன், சொந்த ஊர் பள்ளத்தூர். கார்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். சினிமா டப்பிங்குக்கு யூனியன் உறுப்பினராக இருக்க வேண்டும், சேர ஆகும் செலவு சின்னத் தொகை இல்லை. சேர்ந்தாலும் காலையில் போன் பண்ணி மதியம் ஸ்டூடியோவுக்கு வாங்க என்பதுதான் இங்கே பழக்கம். விடிகாலையில் பல்லவன் ரயில் ஏறினாலும் நீங்கள் எழும்பூரில் இறங்க மதியம் ஆகிவிடும். ஊரை விட்டு வரப்போவதில்லை என்றால் அந்தப் பணத்தை அறைக்கும் மைக்குக்கும் போடுங்கள்.

ஆடியோ புத்தகம் நல்ல வழி, ஆனால் கண்டதையெல்லாம் நம்பாதீர்கள். அமேசானின் ஆடியோ புத்தகக் கடையான ஆடிபிளுக்குப் புத்தகம் வாசித்துக் கொடுக்கிற ஏசிஎக்ஸ் தளத்தைக் காட்டி யூடியூபில் கோர்ஸ் விற்கிறார்கள், அந்தத் தளம் இந்தியாவில் இருப்பவர்களைச் சேர்த்துக்கொள்வதே இல்லை. ஒன்றுக்கு மட்டும் அதைப் பயன்படுத்தலாம், அவர்கள் கேட்கிற ஒலி அளவை உங்கள் பயிற்சிக்கு இலக்காக வைத்துக்கொள்ளுங்கள்: சராசரி -23 முதல் -18 டெசிபலுக்குள், உச்சம் -3-ஐத் தாண்டக் கூடாது, பேசாத இடத்து இரைச்சல் -60-க்குக் கீழே. ஒலியை வெட்டித் திருத்துகிற ஆடாசிட்டி மென்பொருள் இலவசம்தான், அதிலேயே இதைக் கொண்டுவர முடியும். மூச்சு, தப்பு எல்லாம் வெட்டி முடித்த ஃபைலாகக் கொடுக்கிறவருக்குத்தான் எங்கள் பக்கமிருந்து அடுத்த வேலை போகும். வெறும் குரல் அனுப்புகிறவர்கள் ஏகப்பட்ட பேர் இருக்கிறார்கள். விலை பேசும்போது ‘முடித்துக் கொடுக்கும் ஒரு மணி நேர ஆடியோவுக்கு இவ்வளவு’ என்று பேசுங்கள், அந்த ஒரு மணி நேரத்துக்குப் பின்னால் உங்களுக்குப் பல மணி நேரம் போயிருக்கும்.

வளவு_ஆச்சி:
தங்கச்சி, சென்னையையும் பெங்களூரையுமே பார்த்துக்கொண்டிருக்கிறாயே, நம்ம ஊரை விட்டுவிட்டாய். நான் கல்யாணம், மணிவிழா மேடைகளில் தொகுத்துப் பேசுகிறவள். இங்கே அறுபதாம் சாந்தி, எண்பதாம் சாந்தி என்றால் பிள்ளைகள் சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து வருகிறார்கள், ஐயா கதையை ஒரு வீடியோவாகப் போட்டுக் காட்ட வேண்டும் என்கிறார்கள். வீடியோ எடுக்கிற பையன்கள் நிறைய இருக்கிறார்கள், அதை எழுதிப் பேச ஆள் இல்லை. ஐயா பக்கத்தில் உட்கார்ந்து அவர் பர்மா கதையைச் சொல்லச் சொல்லப் பதிவு செய்து, பீரோவில் இருக்கிற பழைய கடிதங்களை வாசித்துப் பார்த்து, அதிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு எழுதிப் பேச வேண்டும். எழுத்துக்குத் தனிக் காசு, குரலுக்குத் தனி, பெரியவர் பேச்சைச் சுத்தம் பண்ணிக் கொடுப்பதற்குத் தனி. இந்த வேலையை ஏஐ வந்து செய்யட்டும் பார்ப்போம், அதற்கு முதலில் அப்பத்தா கையால் காப்பி வாங்கிக் குடிக்கத் தெரிய வேண்டும்!

அப்புறம் ஆட்டோ விளம்பரம். ஜவுளிக்கடை, நகைக்கடை, தியேட்டர், எல்லோருக்கும் வேண்டும். காசு குறைவு, வேலை சீக்கிரம் முடியும். தள்ளுபடித் தேதியை நீட்டித்தால் திரும்ப வருவார்கள், ‘ஒரு வார்த்தைதானே’ என்பார்கள், அதற்கும் ஒரு விலையை முதலிலேயே சொல்லி வை. தேர்தல் பிரசாரம் என்றால் காசு கைக்கு வந்த பிறகு மைக்கைத் தொடு. பழைய வீட்டை ஹோட்டலாக மாற்றியவர்களிடமும் கேட்டுப் பார், முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று சுற்றிக் காட்டுகிற ஆடியோ கைடு பல இடத்தில் இல்லை. நீ அந்த மாதிரி வீட்டிலேயே இருக்கிறாய், மாதிரிக்கு ஒன்று செய்து எடுத்துக்கொண்டு போ.

கணக்கு_வழக்கு:
பணம் மாதம் தள்ளி வருவதற்கு மட்டும் பதில். சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவு செய்துகொள்ளுங்கள், இலவசம், சேவைத் தொழிலுக்கும் உண்டு. சிறு தொழில் சட்டப்படி, பதிவு பெற்றவருக்கு வாங்குகிறவர் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. இதற்கான அரசு இணையதளத்தில் புகாரும் கொடுக்கலாம். புகார் வரை போனால் அந்த கம்பெனி அடுத்த வேலை தராமல் போகலாம் என்பதும் நிஜம், அதனால் முதல் படியாக பில்லில் உத்யம் எண்ணைப் போட்டு அனுப்புங்கள், பல இடத்தில் அதுவே வேலை செய்யும். கம்பெனிகள் பணம் தரும்போதே வரியாகப் பிடிக்கிற 10% டிடிஎஸ், உங்களுக்கு வரி வராவிட்டால் ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கலாம், நிறையப் பேர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். ஜிஎஸ்டி ஆண்டுக்கு 20 லட்சம் வரை கவலை இல்லை.

ஏஐ பற்றி ஒன்று. 2024 ஜூலையில் பாம்பே உயர் நீதிமன்றம் அரிஜித் சிங்கின் குரலை அனுமதியில்லாமல் ஏஐயில் நகலெடுக்கத் தடை போட்டது. அவருக்கு வக்கீல் வைக்க வசதி இருக்கிறது, நமக்கு ஒப்பந்தத்தில் ஒரு வரிதான் துணை: ‘இந்தப் பதிவை இந்தப் பாடத்துக்கு மட்டுமே பயன்படுத்தலாம், இதை வைத்து ஏஐ குரலை உருவாக்கவோ பயிற்றுவிக்கவோ கூடாது.’ அந்த பெங்களூர் கம்பெனியின் பழைய ஒப்பந்தத்தை எடுத்துப் படித்துப் பாருங்கள், உங்கள் திருத்தங்களை வைத்தே அந்த ஏஐ குரலைச் சரி பண்ணுகிறார்களோ என்னவோ.

சாயங்கால_வாத்தியார்:
பி.எட். பற்றி யாருமே சொல்லவில்லை. நான் பள்ளியில் இருக்கிறேன். நாள் முழுக்க வகுப்பில் கத்திவிட்டு ராத்திரி மைக் முன்னால் உட்கார்ந்தால் வருகிற குரலை நீங்களே காசு கொடுத்து வாங்க மாட்டீர்கள். படிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை, இரண்டும் சேர்ந்து ஓடும் என்று மட்டும் நினைக்காதீர்கள். ரேடியோவில், மதுரை, திருச்சி வானொலி நிலையங்களின் நாடகக் கலைஞர் தேர்வுக்கு எழுதிப் போடுங்கள். கிரேடு கிடைத்தால் பெயருக்கு நல்லது, தற்காலிக அறிவிப்பாளர் வேலையும் மாதத்தில் சில நாள்தான், அதை வைத்துக் குடும்பம் ஓடாது.

ரஸ்தா_குரல்:
எல்லோருக்கும் நன்றி. ஒப்பந்தத்தைத் தேடி எடுத்துப் படித்தேன், ‘எந்த ஊடகத்திலும், எந்த வடிவத்திலும்’ என்று ஒரு வரி இருக்கிறது, வயிற்றைக் கலக்குகிறது. புதுப் பாடத்துக்கு முன்னால் அதைத் திருத்தச் சொல்லிக் கேட்கப் போகிறேன். ஆச்சி, சாந்தி வீடியோவுக்கு நிமிடக் கணக்கில் விலை சொல்லலாமா?

வளவு_ஆச்சி:
வேண்டவே வேண்டாம். நிமிடக் கணக்கு சொன்னால் ஐந்து நிமிடத்தை மூன்றாகக் குறைக்கச் சொல்வார்கள், ஐயாவிடம் நீ கேட்கிற கதை ஒரு நாள் முழுக்கப் போகும். மொத்தமாக ஒரு தொகை, பாதி முன்பணம், மீதியை விழாவுக்கு முந்தின நாளே வாங்கிவிடு. விழா முடிந்துவிட்டால் மறுநாளே பாதிப் பேர் திருச்சி ஏர்போர்ட்டில் இருப்பார்கள்.